நாற்பது வயதில் வேலை தேடுவோர்

வேலை தேடுவது இளைஞர்களின் காரியம் என்ற எண்ணம் நம் நாட்டில் வெகு காலமாக ஊறிப்போயிருக்கிறது. வேலையில்லாத் திண்டாட்டம் என்று எவரேனும் பேச ஆரம்பித்தால், பட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல்தோறும் அலையும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைதான் நம் கண்முன் வந்து நிற்கிறான். சர்க்காரின் திட்டங்களும், கட்சிகளின் தேர்தல் வாக்குறுதிகளும், மேடைப் பிரசங்கங்களும் அவனை உத்தேசித்தே எழுதப்படுகின்றன. அவனுடைய கஷ்டம் பொய்யல்ல. ஆனால் அவனுக்குப் பின்னால் இன்னொருவர் நிற்கிறார். தலையில் நரை கண்டவர். இருபது வருஷம் ஒரே தொழிலைச் செய்து அதன் நுட்பங்களையெல்லாம் அறிந்தவர். வீட்டுக் கடனும், கல்லூரியில் சேர வேண்டிய மகளும் உடையவர். அவருக்காக எந்த மேடையிலும் எவரும் பேசுவதில்லை. அவரும் வாய் திறப்பதில்லை. வேலை போன செய்தியை அண்டை வீட்டாரிடம் சொல்லக் கூசி, காலையில் வழக்கமான நேரத்திற்குப் புறப்பட்டுப் போய் மாலையில் வீடு திரும்புகிறார்.

2025 ஜூலை மாதத்தில் டாடா கன்ஸல்டன்ஸி கம்பெனியார், தம் சிப்பந்திகளில் நூற்றுக்கு இரண்டு பேர் வீதம், அதாவது சுமார் 12,000 பேரை விலக்கப்போவதாக அறிவித்தார்கள். நாடெங்கும் பரபரப்பு உண்டாயிற்று. பரபரப்புக்குக் காரணம் எண்ணிக்கை மட்டுமல்ல. விலக்கப்படுவோரில் பெரும்பாலோர் நடுத்தர, மேல்தர உத்தியோகஸ்தர்கள் என்பதே ஜனங்களைத் திடுக்கிட வைத்தது. நெடுங்காலம் உழைத்தவனுக்கு உத்தியோகம் உறுதி என்று நம் தகப்பனார்கள் காலத்திலிருந்து நம்பி வந்தோம். சட்டமும் அந்த நம்பிக்கையை ஒட்டியே எழுதப்பட்டது. 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டம், ஆட்குறைப்பு நேரும்போது சாதாரணமாகக் கடைசியில் வந்தவரே முதலில் வெளியேற வேண்டும் என்று விதித்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு சட்டம் 'தொழிலாளி' என்று யாரைச் சொல்கிறதோ அவருக்குத்தான். நிர்வாகப் பொறுப்பில் உள்ளவருக்கு அது கிடையாது. ஆகவே, உத்தியோக உயர்வு கிடைத்த நாளிலேயே சட்டத்தின் நிழலைவிட்டு வெளியே வந்துவிட்டோம் என்பதை அநேகர் வேலை போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

இது கணினி உத்தியோகஸ்தர்களின் கவலை மட்டும் என்று எண்ணிவிடலாகாது. நம் தமிழ்நாட்டில், சென்னைக்குத் தெற்கிலும் மேற்கிலும் உள்ள தொழிற்சாலைப் பிரதேசத்தில், கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் நடந்த இரண்டு சம்பவங்களை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகும்.

இரண்டு ஆலைகள்

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கம்பெனியின் கைபேசி ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். பள்ளிப் படிப்பை முடித்துக் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள் அவர்கள். நோக்கியாவின் கைபேசி வியாபாரத்தை மைக்ரோஸாப்ட் வாங்கியபோது, வரித் தகராறில் சிக்கிக் கிடந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1ஆம் தேதி ஆலை நின்றது. அதற்கு முன்பே பல ஆயிரம் பேர் பணம் பெற்றுக்கொண்டு விலகியிருந்தார்கள்.

இருபத்தைந்து வயதில் வேலை இழப்பவருக்கு வேறு வேலை கிடைக்காதா என்று கேட்கலாம். சிலருக்குக் கிடைத்தது. ஆனால் அந்தப் பெண்கள் எட்டு வருஷத்தில் கற்றது என்ன? மிக நுண்ணிய உறுப்புகளைப் பிசகின்றிப் பொருத்தவும், குறையுள்ள பலகையைப் பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கவும், மணிக்கணக்கில் கவனம் சிதறாமல் இருக்கவும் கற்றார்கள். இது சாமானியத் திறமையல்ல. ஆனால் அதற்கு ஒரு பெயர் இல்லை. அதை வேறொரு முதலாளியிடம் காட்டுவதற்கு ஓர் அத்தாட்சியும் இல்லை. இன்று அதே பிரதேசத்தில் கைபேசி உற்பத்தி முன்னைக் காட்டிலும் பன்மடங்கு பெருகியிருக்கிறது. ஆயினும் அங்கே வேலைக்கு எடுக்கப்படுவோர் பெரும்பாலும் பள்ளியை விட்டு வந்த புதிய பெண்களே. பாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர் செய்தி ஸ்தாபனம் எழுதியதும், மத்திய சர்க்கார் மாநிலத் தொழிலாளர் இலாகாவிடம் அறிக்கை கேட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். பெண்ணின் விஷயத்தில் 'வயதாகிவிட்டது' என்ற தீர்ப்பு நாற்பது வரை காத்திருப்பதில்லை.

மறைமலை நகரில் நடந்தது வேறு விதம். போர்டு கம்பெனியார் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். குஜராத்தில் ஸாணந்த் ஆலையையும் சேர்த்துச் சுமார் 4,000 பேர் பாதிக்கப்படுவார்கள் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். மறைமலை நகரில் 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளிவந்தது. இங்கே இருந்தவர்கள் நோக்கியாத் தொழிலாளர்களைப்போல் இளவயதினர் அல்லர். பத்து வருஷம், இருபது வருஷம் பற்றவைப்பிலும், வர்ணம் பூசுவதிலும், இஞ்சின் கோப்பதிலும் தேர்ந்தவர்கள். இழப்பீட்டுத் தொகைக்காகப் போராடினார்கள்; பேசினார்கள்; முடிவில் பெற்றார்கள். பக்கத்திலேயே ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேறு கார் ஆலைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவ்வாலைகளுக்கு வேண்டியவர்கள் குறைந்த ஊதியத்திற்கு வரும் பயிற்சியாளர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களுமே. நாற்பது வயதுத் தொழிலாளி கையில் இழப்பீட்டுப் பணத்தோடும் தலையில் பழுத்த அநுபவத்தோடும் வாசலில் நின்றார். பணத்தை வாங்கிக்கொள்ள ஆயிரம் பேர் இருந்தார்கள். அநுபவத்தை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

இதில் கவனிக்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. கார் உற்பத்தி நின்றபோதிலும், சென்னையில் அதே கம்பெனியின் அலுவலகங்கள் நிற்கவில்லை. அங்கே கணினி முன் அமர்ந்து வேலை செய்த ஆயிரக்கணக்கானோர் தொடர்ந்து வேலை செய்தார்கள். ஒரே கம்பெனி, ஒரே நகரம், ஒரே வயது. அவர்கள் அறிந்த வேலை உலகத்தின் எந்த மூலைக்கும் பயன்பட்டது. ஆலைத் தொழிலாளி அறிந்த வேலை அந்த ஆலையோடு கட்டுண்டு கிடந்தது.

திறமை யாருடையது?

அமெரிக்கப் பொருளாதார நிபுணர் காரி பெக்கர், 1964இல் வெளியிட்ட 'மனித மூலதனம்' என்ற நூலில், தொழில் பயிற்சியை இரண்டாகப் பிரித்தார். எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் பொதுப் பயிற்சி ஒன்று. ஒரு ஸ்தாபனத்திற்குள் மட்டும் பயன்படும் தனிப் பயிற்சி மற்றொன்று. இப்பிரிவினையை நம் தொழிலாளியின் வாழ்க்கையில் பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஒருவர் ஒரே இடத்தில் எத்தனை வருஷம் இருக்கிறாரோ அத்தனைக்கு அவருடைய அறிவில் தனிப் பயிற்சியின் பங்கு பெருகுகிறது. இந்த யந்திரம் மழைக்காலத்தில் எப்படித் தடுமாறும், அந்த அச்சு எத்தனை ஆயிரம் உருப்படிக்குப் பிறகு தேயும் என்றெல்லாம் அவருக்குத் தெரியும். முதலாளிக்கு அது பொன்னான அறிவு. அதற்காகவே அவரை மெச்சிச் சம்பளத்தை உயர்த்தினார். ஆலை மூடினாலோ அந்த அறிவு ஒரே நாளில் விலை இல்லாததாகிவிடுகிறது. இளைஞன் இழப்பது இரண்டு மூன்று வருஷத்து முதல். நாற்பத்தைந்து வயதினர் இழப்பது ஆயுள் முழுவதும் சேர்த்த முதல்.

இங்கே முதலாளிமார் சொல்லும் வாதத்தையும் கேட்போம். வயதானவருக்குச் சம்பளம் அதிகம், புதிய முறைகளைக் கற்பது மெதுவாக இருக்கும், உடல் தளர்ந்திருக்கும், தம்மைவிட இளையவரான மேற்பார்வையாளரின் சொல்லைக் கேட்கமாட்டார். முதல் வாதத்தில் உண்மை இருக்கிறது. நாலாவதிலும் கொஞ்சம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம். நடுவில் உள்ள இரண்டும் பரீட்சை செய்யாமலே சொல்லப்படுபவை. பரீட்சை செய்து பார்த்தவர்கள் உண்டு. ஜெர்மனியில் டிங்கால்ஃபிங் என்ற ஊரிலுள்ள பி.எம்.டபிள்யூ. கார் ஆலையில் 2007இல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஓர் உற்பத்தி வரிசையில், சராசரி வயது 47 வரும்படி தொழிலாளர்களைப் பொறுக்கி நிறுத்தினார்கள். என்ன மாற்றினால் வேலை சுலபமாகும் என்று அவர்களையே கேட்டார்கள். கல் தரைக்குப் பதில் மரத் தரை, உட்கார்ந்து எழ வசதியான நாற்காலி, சிறு உறுப்புகளைப் பார்க்கப் பெரிதாக்கும் கண்ணாடி என்று சுமார் 70 சில்லறை மாற்றங்கள் நடந்தன. எல்லாவற்றிற்கும் சேர்த்து ஆன செலவு 40,000 யூரோ அளவுதான். ஒரே வருஷத்தில் அந்த வரிசையின் உற்பத்தித் திறன் நூற்றுக்கு 7 வீதம் உயர்ந்தது. மரத் தரைக்கு வேண்டிய பலகையும் பெரிதாக்கும் கண்ணாடியும் நம் ஊரிலும் கிடைக்கின்றன.

சட்டத்தின் மௌனம்

'35 வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்' என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பார்த்து, அது இயற்கையின் நியதி என்றே நாம் நினைத்துவிட்டோம். அமெரிக்காவில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வயது காரணமாக ஒதுக்கக்கூடாதென்று 1967இலேயே சட்டம் வந்துவிட்டது. விளம்பரத்தில் வயது வரம்பு போடுவதையும் அது தடுக்கிறது. பிரிட்டனில் 2006இல் விதி வந்தது. இவையெல்லாம் பணக்கார தேசங்கள் என்று தள்ளிவிடலாம். பிலிப்பைன்ஸ் பணக்கார தேசமல்லவே. அங்கே 2016இல் இதே தடை சட்டமாகியிருக்கிறது. நம் அரசியல் சாஸனத்தின் 16ஆவது விதியில் மதம், இனம், சாதி, பால், வம்சம், பிறப்பிடம், வசிப்பிடம் என்று பாகுபாடு கூடாத காரணங்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. அவ்வரிசையில் வயது இல்லை. அந்த விதியும் சர்க்கார் உத்தியோகத்தைப் பற்றியதே. தனியார் கம்பெனிகள் வயதைக் காட்டி விண்ணப்பத்தைத் தள்ளுவதைத் தடுக்கும் பொதுச் சட்டம் நம் தேசத்தில் கிடையாது.

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு நியாயமான காரணம் உண்டு. அமெரிக்காவிலும் வயதானவர் வேலை தேடி அலுத்துப் போகிறார். ஆனால் சட்டம் வந்தால் ஒன்று நடக்கும்: 'வயதாகிவிட்டது' என்று கூச்சமில்லாமல் அச்சடித்து விளம்பரம் செய்ய முடியாது. காரணம் சொல்லும் பொறுப்பு தள்ளுபவன்மேல் விழும்.

சர்க்காரின் சொந்தக் கணக்கிலும் முரண்பாடு இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் ஓய்வு பெறும் வயதை 2020இல் 58இலிருந்து 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்த்தினார்கள். அறுபது வரை மனிதன் உழைக்க வல்லவன் என்பதை இவ்விதம் சர்க்காரே ஒப்புக்கொண்டாயிற்று. அதே 2021இல் நேரடி நியமனத்திற்கான பொது வயது வரம்பு 30இலிருந்து 32 ஆயிற்று. உள்ளே இருப்பவருக்கு அறுபது. வெளியே நிற்பவருக்கு முப்பத்திரண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்தவர்களுக்கு அளிக்கப்படும் மாத உதவித்தொகை, பட்டதாரிக்கு 600 ரூபாய் என்று விதிக்கப்பட்ட அற்பத் தொகை, அதுவும் பொதுப் பிரிவினருக்கு 40 வயதோடும், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 45 வயதோடும் முடிந்துவிடும் என்பது விதி. ஆனால் அதே அலுவலகத்தின் பதிவேட்டில் 46 முதல் 60 வயது வரை உள்ளோருக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பெயரை மட்டும் பதிந்து வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த வேலைவாய்ப்பு அலுவலகங்கள் எப்படிப் பிறந்தன என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. 1945இல் யுத்தம் முடியும் தறுவாயில், படையிலிருந்து கலைக்கப்படும் சிப்பாய்களுக்குச் சிவில் வாழ்க்கையில் வேலை தேடித் தரவே அவை ஏற்பட்டன. ஒரு வேலையில் கற்ற திறமையை இன்னொரு வேலைக்கு மாற்றிக்கொடுப்பதே, அதாவது லாரி ஓட்டிய சிப்பாயைப் பஸ் ஓட்டவும், வயர்லெஸ் வேலை அறிந்தவனைத் தந்தி இலாகாவுக்கும் அனுப்புவதே, அவற்றின் ஜன்மக் கடமை. பிற்பாடு அவை வெறும் வரிசை எண் கொடுக்கும் இடங்களாகத் தேய்ந்துவிட்டன.

மத்திய சர்க்காரின் புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21ஆம் தேதி அமலுக்கு வந்தது. 100 பேருக்கு மேற்பட்ட ஆலையை மூடச் சர்க்கார் அனுமதி வேண்டும் என்றிருந்ததை அது 300 ஆக உயர்த்திவிட்டது. இதற்கு ஆறுதல்போல, மறுபயிற்சி நிதி என்று ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறார்கள். ஆட்குறைப்பில் வெளியேறும் தொழிலாளியின் பதினைந்து நாள் ஊதியத்தை முதலாளி அந்நிதியில் செலுத்த வேண்டும். அது 45 நாட்களுக்குள் தொழிலாளியின் கணக்கில் வரவு வைக்கப்படும். பதினைந்து நாள் சம்பளத்தில் எந்தத் தொழிலைக் கற்பது? அந்தப் பணம் வீட்டு வாடகைக்குக்கூடக் காணாது. கடல் தாண்டி ஸிங்கப்பூரைப் பார்ப்போம். அங்கே 40 வயது நிரம்பிய ஒவ்வொரு பிரஜைக்கும், தொழில் கற்பதற்கென்றே 2024 மே மாதத்தில் 4,000 வெள்ளி அவர் பெயரில் வரவு வைத்தார்கள். முழு நேரம் படிக்கப் போகிறவருக்கு, பழைய வருமானத்தில் பாதியை, மாதம் 3,000 வெள்ளிக்கு மேற்படாமல், உதவித்தொகையாக அளிக்கும் ஏற்பாடும் 2025இல் தொடங்கியது. ஸிங்கப்பூர் சிறிய தீவு, செல்வம் நிறைந்தது என்பதெல்லாம் சரி. நாற்பது வயதில்தான் உதவி தொடங்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். நாற்பது வயதோடு உதவி முடிய வேண்டும் என்று நாம் நினைத்தோம். இந்த வித்தியாசத்திற்கும் செல்வத்திற்கும் சம்பந்தமில்லை.

ஒரு துண்டுக் காகிதம்

தொழிற்சங்க ஊழியர்களிடம் நாம் முக்கியமாகச் சொல்ல விரும்பும் யோசனை இதுதான். ஆலை மூடும்போது சங்கங்கள் இழப்பீட்டுக்காகப் பேசுகின்றன. எத்தனை நாள் சம்பளம், எந்தத் தேதியில் என்று வாதாடுகின்றன. பேச வேண்டியதுதான். ஆனால் தொழிலாளி என்ன அறிவார் என்பதை எழுதி வாங்கிக்கொடுக்க வேண்டும் என்று பேசுவது மிக அபூர்வம். 1946ஆம் வருஷத்து நிலையாணைச் சட்டத்தின்கீழ் வந்த மாதிரி ஆணைகளில், நிரந்தரத் தொழிலாளி வேலையை விட்டுப் போகும்போது ஒரு சர்வீஸ் சான்றிதழ் பெற உரிமை உண்டென்று இருந்தது. அதில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. விளைவு, 'இன்னார் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை எங்களிடம் பணி புரிந்தார்' என்ற ஒற்றை வரியோடு இருபது வருஷ வாழ்க்கை முடிந்துவிடுகிறது.

ஜெர்மானியர் இதில் கெட்டிக்காரர்கள். அங்கே வேலையை விட்டுப் போகும் எவருக்கும், செய்த வேலை எத்தகையது, எவ்வளவு காலம் என்று எழுதிய சான்று கிடைக்க வேண்டும் என்பது சட்டம். தொழிலாளி கேட்டால், வேலைத் திறத்தையும் நடத்தையையும் பற்றிக்கூட அதில் எழுதித் தந்தாக வேண்டும். இங்கேயும் சங்கங்கள் ஒப்பந்தம் செய்யும்போது, எந்த யந்திரங்களை இயக்கினார், எந்தக் குறைகளைச் சரிசெய்தார், எத்தனை புதிய ஆட்களுக்கு வேலை கற்பித்தார் என்றெல்லாம் விவரமாக எழுதிய சான்றை ஒரு ஷரத்தாகவே வற்புறுத்தலாம். முதலாளிக்கு இதில் ஒரு காசு நஷ்டமில்லை. அநுபவத்தால் கற்றதைச் சோதித்துச் சான்று அளிக்கும் முறை சர்க்காரின் திறன் பயிற்சித் திட்டத்தில் 2015 முதலே இருக்கிறது. ஆலை மூடுவதற்கு முன்பே சோதகர்களை ஆலைக்குள்ளேயே வரவழைத்து, ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தின் அருகிலேயே ஒவ்வொருவரையும் சோதிக்கச் செய்யலாம். யந்திரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிய பிறகு வெறும் கையை வைத்துக்கொண்டு எதைச் செய்து காட்டுவது?

வேலை செய்பவர்களும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டியிருக்கிறது. இருபதுகளில் உள்ளவர், தாம் கற்பதில் எவ்வளவு இந்த ஆலைக்கு மட்டும் உரியது, எவ்வளவு வெளியே செல்லும் என்று வருஷத்துக்கு ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும். சம்பளம் நூறு ரூபாய் குறைந்தாலும் புதிய யந்திரத்தைத் தொடவிடும் இடமே அந்த வயதில் மேல். முப்பதுகளில் உள்ளவர் செய்த வேலைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியுடன் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நாற்பத்தைந்தில் விண்ணப்பம் எழுத உட்காரும்போது எல்லாம் மறந்துபோயிருக்கும். நாற்பதுகளில் வேலை இழந்தவர் செய்யவேண்டிய முதல் காரியம் வெட்கத்தை விடுவது. அமெரிக்க சமூக சாஸ்திரி மார்க் கிரானொவெட்டர், 1974இல் வெளியான தம் ஆராய்ச்சியில், பாஸ்டன் நகருக்கு அருகே நியூட்டன் என்ற ஊரில் வேலை மாறியவர்களை விசாரித்தார். பலருக்கு வேலை பற்றிய துப்பு கிடைத்தது நெருங்கிய சிநேகிதர்கள் மூலமாக அல்ல. எப்போதோ பார்த்துப் பேசும் சாதாரணப் பழக்கக்காரர்கள் மூலமாகவே என்று கண்டார். காரணம் லேசானது. நெருங்கியவர் அறிந்ததை நாமும் அறிவோம். தூரத்தில் உள்ளவருக்குத்தான் நாம் அறியாத வாசல் தெரியும். பழைய சப்ளையர், வேறு ஆலைக்குப் போன மேஸ்திரி, பத்து வருஷத்துக்கு முன் கூட வேலை செய்தவர் ஆகிய இவர்களிடமெல்லாம் வேலை போன செய்தி சேர வேண்டும். அதை மறைப்பவர் தமக்கே கதவைச் சாத்திக்கொள்கிறார்.

ஐம்பதைத் தாண்டியவர்களின் நிலைமை வேறு. அவர்களுக்கு இந்த யோசனைகள் அவ்வளவாகப் பயன்படமாட்டா என்பதை மறைப்பதில் பிரயோசனமில்லை. காவல்காரர் உடுப்பும், வாடகைக் காரின் சக்கரமும் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன. பற்றவைப்பில் தேர்ந்த ஒருவர் கதவருகே அமர்ந்து வருவோர் போவோரின் பெயரை எழுதிக்கொண்டிருக்க, சற்றுத் தூரத்தில் உள்ள தொழிற்பயிற்சி நிலையத்தில் அதே தொழிலைக் கற்றுக்கொடுக்க அநுபவமுள்ள ஆசிரியர் இல்லை என்று பிள்ளைகள் குறைப்பட்டுக்கொள்வதும் நம் நாட்டில் சகஜம். போதனா முறைப் பயிற்சியைக் குறுகிய காலத்தில் அளித்து, இவர்களைப் பகுதிநேர ஆசிரியர்களாக நியமிக்கச் சர்க்காருக்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை.

மறைமலை நகர் ஆலையின் கதை இன்னும் முடியவில்லை. அதை ஏற்றுமதிக்காகத் திரும்பத் திறக்கும் விருப்பத்தைத் தெரிவித்துப் போர்டு கம்பெனியார் 2024 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசுக்குக் கடிதம் கொடுத்தார்கள். 2025 அக்டோபரில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் இஞ்சின் தயாரிக்க ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. உற்பத்தி 2029இல் தொடங்குமென்றும், 600 பேருக்கு மேல் வேலை கிடைக்குமென்றும் அறிவித்திருக்கிறார்கள். புதிய சட்டத் தொகுப்பில், ஆட்குறைப்பில் போனவருக்கு அதே முதலாளியிடம் மறுபடி வேலையில் முன்னுரிமை உண்டு. ஆனால் ஒரு வருஷத்திற்குள் ஆள் எடுத்தால்தான். 2022இல் அதே ஆலையில் இஞ்சின் கோத்துக்கொண்டிருந்த நாற்பது வயதுத் தொழிலாளிக்கு 2029இல் வயது 47 ஆகியிருக்கும். டிங்கால்ஃபிங் ஆலையில் சோதனைக்கு நின்றவர்களின் சராசரி வயதும் அதுவே. அந்த 600 பேரில் பழையவர்களுக்கு எத்தனை இடம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சர்க்காரைக் கேட்க இன்னும் அவகாசம் இருக்கிறது.